உறுதி கையில், ஆட்சி யார் கையில்?

கனடாவில் வீட்டுக்கடன் கட்டி முடிகிற வயதில், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு ஓர் எண்ணம் வரும். ஊரில் ஒரு துண்டுக் காணி. போனால் இறங்க ஒரு வீடு, முற்றத்தில் ஒரு மாமரம், பின்வளவில் நாலு தென்னை. எனக்கு அது 2016இல் வந்தது. அதற்குப் பிறகு ஊருக்குப் போன நான்கு பயணத்திலும் பாதி நாள் காணி பார்ப்பதிலும் காணி உறுதி எழுதுகிற நொத்தாரிசு கந்தோர் வாங்கில் குந்தியிருப்பதிலும் கழிந்தது. கடைசியில் புதிதாக எதையும் வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை, வாங்குவதென்றால் எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிப் பத்திரங்களில் ஒரு தொடர் திரும்பத் திரும்ப வரும்: 'உறுதிப்படியும் ஆட்சிப்படியும் எனக்குச் சொந்தமான'. வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் காசு கொடுத்து வாங்குவது இதில் முதற் சொல்லை மட்டும். ஆட்சி என்பது படலையைத் திறந்து பூட்டுகிறவர், கிணற்றில் தண்ணி அள்ளுகிறவர், தேங்காய் பிடுங்குகிறவர், உள்ளூராட்சி சபைக்குச் சோலைவரி கட்டுகிறவர் கையில் இருக்கிறது. முன்னால் இருக்கிற வழிகள் ஐந்து. சொந்தப் பெயரில் வாங்கலாம். அங்கே இருக்கிற உறவினர் பெயரில் வாங்கலாம். முதுச (பரம்பரை) வீட்டின் பங்குகளை ஒன்றாக்கலாம். கொழும்பில் பிளாட் வாங்கலாம். ஒன்றும் வாங்காமல் வாடகைக்கு இருக்கலாம். ஐந்தையும் இந்த ஒரே தராசில்தான் போடுகிறேன். விலையும் லாபமும் அதற்குப் பிறகு.

சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஆர்?

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தின்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து அதை வைத்துக்கொள்ளலாம், அல்லது பிறகு திரும்பப் பெறலாம். கனடாவில் சத்தியப்பிரமாணம் எடுத்த அன்று கொடியோடு படம் எடுத்தோம், கேக் வெட்டினோம். அந்தப் பக்கத்தில் என்ன அறுந்தது என்று அன்றைக்கு ஒருவரும் யோசிக்கவில்லை. பழைய தேசிய அடையாள அட்டை இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது. அதைக் காட்டி ஊரில் காணி உறுதி முடித்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

அது சின்ன விஷயம் இல்லை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், இலங்கைக் குடியுரிமை இல்லாதவருக்குக் காணியின் உரித்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2013 ஜனவரி 1இல் இருந்து அது நடைமுறையில் இருப்பதாகவே கணக்கு. மீறி எழுதிய உறுதி செல்லாது. தண்டம் கட்டிச் சரிப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். சட்டத்தின் பார்வையில் அப்படி ஒரு கைமாற்றமே நடக்கவில்லை. எழுதும்போது ஒருவரும் கேட்கமாட்டார்கள். பத்து வருடம் கழித்து நீங்கள் விற்க வெளிக்கிடும்போது, வாங்குகிறவரின் சட்டத்தரணி 'அந்தத் தேதியில் உங்கடை குடியுரிமை என்ன?' என்று கேட்பார். அன்றைக்குத்தான் வெளிக்கும்.

அந்தச் சட்டத்திலேயே எங்களுக்கு வேண்டிய வாசல்களும் உண்டு. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடை இல்லை. நெருங்கிய உரித்தாளருக்கு மரபுரிமையாகவோ நன்கொடையாகவோ மரண சாசனத்தாலோ வருகிற காணிக்கும் தடை இல்லை. முழுக் காசும் வெளிநாட்டில் இருந்து வந்தால் மாடிக் குடியிருப்பு வாங்கலாம். 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். இலங்கையராய் இருந்தபோதே உங்கள் பெயரில் வந்த காணி, நீங்கள் கனேடியர் ஆனதால் பறிபோகாது. சட்டம் தடுப்பது கைமாற்றத்தைத்தான்.

சொந்தப் பெயரில் காணி

இரட்டைக் குடியுரிமை எடுத்துக்கொண்டு வாங்குவதுதான் சட்டப்படி நேரான பாதை. 55 வயது தாண்டியவர்கள், கல்வி அல்லது தொழில்தகைமை உள்ளவர்கள், அங்கே சொத்தோ வங்கி வைப்போ உள்ளவர்கள் என்று விண்ணப்ப வகைகள் இருக்கின்றன. (சொத்து இருந்தால் குடியுரிமை கேட்கலாம், குடியுரிமை இருந்தால் சொத்து வாங்கலாம். இந்த வட்டத்தை உடைப்பது பெரும்பாலும் அம்மாவின் சீதனக் காணியில் வந்த பங்குதான்.) முதலில் குடியுரிமை, பிறகு காணி பார்ப்பது. எங்கள் ஆட்கள் செய்வது மறுவளம். மூன்று கிழமை லீவில் போய், பிடித்த காணிக்கு அச்சாரம் கொடுத்துவிட்டு வந்து விண்ணப்பம் நிரப்புவார்கள்.

செலவுக் கணக்கு எளிது. விலை உறுதிக்கு முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபாய்க் காணிக்கு 399,000 ரூபாய். நொத்தாரிசு கூலி, அளவைக் கூலி, தரகு எல்லாம் வேறு.

கடினம் வேறு இடத்தில். 2018இல் கோண்டாவில் பக்கம் நாலு பரப்புக் காணி ஒன்று பார்த்தேன். எங்கள் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கர், ஆகவே அது கால் ஏக்கர். நல்ல செம்மண், ஒழுங்கை முகப்பு, பங்குக் கிணறு. தரகர், 'அண்ணை, உறுதி கிளீன், கையெழுத்து வைக்கிறதுதான் பாக்கி' என்றார். உறுதிப் பிரதியை வாங்கிப் பார்த்தால், விற்கிறவருக்குக் காணி வந்த வழி ஓர் ஆட்சி உறுதி. ஆட்சி உறுதி என்றால், 'நான் இந்தக் காணியைப் பத்து வருடத்துக்கு மேல் தடையின்றி ஆண்டு வருகிறேன்' என்று ஒருவர் தானே நொத்தாரிசு முன்னால் அறிவித்து எழுதுவது. நீதிமன்றம் சொன்னதில்லை, முந்திய சொந்தக்காரர் கொடுத்ததும் இல்லை. அவர் வாயால் அவரே சொன்னது. போரில் உறுதி தொலைத்து, உண்மையாகவே ஆண்டுவந்த சனமும் வேறு வழியில்லாமல் இதைத்தான் எழுதியது. ஆளில்லாத வளவுக்குள் புகுந்தவர்கள் எழுதியதும் இதுதான். கடதாசியைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

நான் பக்கத்து வளவுக்குப் போய் ஒரு ஆச்சியிடம் தண்ணி கேட்டேன். தண்ணியோடு கதையும் வந்தது. 'தம்பி, அது வாத்தியார் வீட்டு வளவெல்லோ. பிள்ளையள் பிரான்சில. இவை இடம்பெயர்ந்து வந்து இருந்தவை, பிறகு போகேல்லை.' பதிவகத்தில் முப்பது வருடத்துக்குத் தேடியது சொல்லாததை ஒரு செம்பு தண்ணி சொன்னது. நான் அந்தக் காணியை விட்டுவிட்டேன். வேறு யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் வாங்கியதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இந்த வாத்தியாரின் பிள்ளைகள் இடத்தில் நாளைக்கு நீங்கள் இருப்பீர்கள் என்பதால் அந்தச் சட்டத்தையும் கொஞ்சம் பார்ப்போம். 1871இன் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, சொந்தக்காரரின் உரிமையை ஏற்காமல் பத்து வருடம் தடையின்றி ஒருவர் காணியை ஆண்டால், அது தன்னுடையது என்று நீதிமன்றத்தில் கேட்கலாம். உரிமையாளர் கடல் கடந்து இருக்கும்போது அந்த ஆட்சி தொடங்கியிருந்தால் காலக்கணக்கு ஓடாது என்று அதே சட்டம் ஒரு தயவு காட்டுகிறது. ஆனால் முப்பது வருடம் ஆனால் அந்தத் தயவும் முடிந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க நடந்து வெளிக்கிட்டதை நினைத்துப் பாருங்கள். அந்தக் கிழமையே வெறும் வளவுக்குள் ஒருவர் புகுந்திருந்தால் முப்பது வருடம் 2025இல் நிறைந்துவிட்டது. போர்க்காலத்தைக் கணக்கில் இருந்து கழிக்க 2016இல் ஒரு விசேடச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் அதில் அடங்கியது. ஆனால் அது குறித்த அவகாசத்துக்குள் வழக்குப் போட்டவருக்குத்தான். அப்படி ஒன்று இருந்ததே எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தனியாள் மட்டும் இல்லை, அரசும் இந்தக் கடிகாரத்தை வைத்திருக்கிறது. 2025 மார்ச் மாதம் வந்த வர்த்தமானி ஒன்று, வடக்கில் ஆயிரக்கணக்கான ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரச் சொன்னது. எதிர்ப்பும் வழக்கும் வந்து அது நின்றது. அந்த மூன்று மாதமும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பெட்டிகளைக் கிளறி மஞ்சள் பூத்த உறுதிகளைத் தேடியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

சொந்தப் பெயரில் வாங்குகிறவர் வாங்குமுன் பார்க்கவேண்டியவற்றில் அதிகம் தவறவிடப்படுவதை மட்டும் சொல்கிறேன். விற்கிறவர் கலியாணமான பெண் என்றால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர் தன் சீதனக் காணியைக்கூடக் கணவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. 1911இன் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அது நியாயமா என்பது வேறு கதை, எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் கணவர் பிரிந்து போய் சுவிசில் இருக்கிறார், அவர் கையெழுத்து பிறகு வரும் என்றால், அது வரும் வரை அச்சாரம்கூடக் கொடுக்காதீர்கள். வரவே வராது என்றால் விற்கிறவர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். அது அவர் செய்யவேண்டிய வேலை.

கிணற்றையும் பாருங்கள். வற்றாத ஆறில்லாத குடாநாடு, சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற மழைத்தண்ணிதான் எல்லாம். உறுதியில் 'கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் பங்கு' என்று எழுதியிருக்கிறதா, எத்தனையில் ஒரு பங்கு, கிணற்றுக்குப் போகிற பாதை யாருடைய வளவுக்குள்ளால் போகிறது என்று பாருங்கள். சுன்னாகம் பக்கம் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை எல்லோருக்கும் தெரியும். கரையோரம் போகப் போக உப்பு. ஒரு போத்தலில் தண்ணி எடுத்துச் சோதிக்கிற காசு பெரிய காசில்லை.

உறுதி முடிந்தால் அன்றைக்கே பதிவுக்குக் கொடுக்கவேண்டும். ஒரே காணியை இரண்டு பேருக்கு விற்றிருந்தால், பிந்தி எழுதியவர் முந்திப் பதிந்துவிட்டால் உங்கள் உறுதி பின்னால் போகும். பதிந்த பிறகு பதிவகத்தில் ஒரு கேவியட்டும் போட்டு வைக்கலாம். அந்தக் காணியின் பெயரில் வேறு ஏதும் பதிவுக்கு வந்தால் உங்களுக்கு அறிவித்தல் வரும். தூரத்தில் இருக்கிறவருக்கு இதைவிட மலிவான காவல் இல்லை.

இவ்வளவும் முடித்து வாங்கிவிட்டீர்கள். விமானம் ஏறின மறுநாளில் இருந்து படலைத் திறப்பு யாரிடம்? பூட்டிய வீட்டைக் கறையான் தின்னும், குடியிருக்க விட்ட வீட்டைக் குடியிருக்கிறவர் தின்பார் என்று அப்பா சொல்லுவார். பாவம் பார்த்து ஒரு குடும்பத்தைச் சும்மா இருக்க விடுவதில் பிழை இல்லை. எழுத்து இல்லாமல் விடுவதுதான் பிழை. 'உங்கள் அனுமதியில் இருக்கிறோம், கேட்டால் எழும்புவோம்' என்று ஒரு பக்க ஒப்பந்தமும், மாதம் நூறு ரூபாய் என்றாலும் பற்றுச்சீட்டும் இருந்தால், அனுமதியோடு வந்தவர் ஆட்சி கேட்பது வெகு கடினம். சோலைவரி உங்கள் பெயரில் உங்கள் காசில் கட்டுப்படட்டும்.

உறவினர் பெயரில்

குடியுரிமை எடுக்கப் பஞ்சிப்படுகிறவர்கள் போகிற வழி. 'அக்கா அங்கைதானே இருக்கிறா, அவவின்ரை பேரில எழுதுவம்.' வாங்கும்போது எல்லாவற்றிலும் சுலபம் இதுதான். பிறகு எல்லாவற்றிலும் கெட்டதும் இதுதான் என்று துணிந்து சொல்வேன்.

எனக்கு மிக நெருங்கிய ஒருவர் 2011இல் தங்கையின் பெயரில் வீடும் காணியும் வாங்கினார். தங்கை தங்கமான பிள்ளை, இன்றுவரை ஒரு சதம் ஏமாற்றவில்லை. ஆனால் தங்கையின் மகளுக்குக் கலியாணம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் அந்த வீட்டைத்தான் பார்த்தார்கள். 'மாமா கனடாவில இருந்து வாங்கினது, எங்கடை இல்லை' என்று சம்பந்தி முன்னால் சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? வீடு சீதன உறுதியாகப் போனது. அண்ணனும் தங்கையும் இப்போது கதைப்பதில்லை. இதில் கள்ளர் என்று காட்ட ஒருவரும் இல்லை.

சட்டத்தில் வழி உண்டா? 1917இன் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தில், காசு ஒருவர் கொடுக்க உறுதி இன்னொருவர் பெயரில் இருந்தால், உண்மைப் பயன் காசு கொடுத்தவருக்கு என்று வாதாட இடம் இருக்கிறது. அதற்குக் காசு உங்களுடையது என்று காட்டவேண்டும். வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்பிய காசுக்கு எந்தத் துண்டு இருக்கிறது? டொலருக்குச் சில ரூபாய் கூடக் கிடைத்தது என்று மகிழ்ந்தோம், சாட்சி போனது. அதோடு, 'ஏன் உம்முடைய பெயரில் எழுதவில்லை?' என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்பார். 2014க்குப் பிறகு வாங்கிய கனேடியக் குடிமகன் அதற்கு உண்மையான பதிலைச் சொன்னால், சட்டம் தடுத்ததைச் சுற்றிப் போகத்தான் இப்படிச் செய்தேன் என்று தானே ஒப்புக்கொள்வதாகும்.

பெயர் கொடுத்தவர் கடன்பட்டால் கடன்காரர் வருவார், இறந்தால் அவர் உரித்தாளிகள் வருவார்கள். அந்த உரித்தாளிகள் உங்களைச் சூம் திரையில் மட்டும் பார்த்த பிள்ளைகள்.

இதன் சின்னத் தம்பிதான் அற்றோணித் தத்துவம் (பவர் ஒப் அற்றோணி). உறுதி உங்கள் பெயரில், அதிகாரம் அவர் கையில். தூதரகத்தில் கையெழுத்து வைத்து அனுப்புகிறபோது ஆயத்தமாக அடித்த படிவத்தில் 'விற்க, ஈடு வைக்க, குத்தகைக்கு விட, நன்கொடை செய்ய' என்று எல்லா வினையும் இருக்கும். வரி கட்டவும் வழக்கில் தோன்றவும் ஓர் ஆள் வேண்டும் என்றால் அந்த இரண்டு வினையை மட்டும் வைத்துவிட்டு மற்றதை வெட்டுங்கள். கொடுத்தவர் இறந்தால் அது அன்றோடு செத்துவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. அப்பா போன பிறகும் அவர் கொடுத்த அற்றோணியில் காணி விற்ற கதைகள் இருக்கின்றன. வாங்கியவர்கள்தான் பிறகு நீதிமன்றப் படியில் நின்றார்கள்.

முதுச வீடு

இதைப் பலர் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. புதுக் காணிக்குக் கோடி கொடுக்க வைத்திருப்பவரின் தாய்வீடு ஐந்து பேர் பெயரில் பிரிபடாமல், ஓடு விழுந்து, மதிலில் ஆல் முளைத்து நிற்கும். நான் வந்து சேர்ந்த இடம் இதுதான், ஆகவே பக்கம் சாய்வேன். கழித்துப் படியுங்கள்.

இதன் பெரிய பலம் உறுதி இல்லை, ஊர் அறிவு. எல்லைக்கு நாலு பக்கமும் ஆர் என்று தெரியும். 'இது இன்னாரின்ரை வளவு' என்று சொல்ல ஒழுங்கையில் பத்துப் பேர் இருக்கிறார்கள். வேறு ஆள் புகுந்தால் விதானையாருக்கு (கிராம அலுவலருக்கு) முதல் உங்களுக்கு வாட்ஸப்பில் படம் வரும். கோண்டாவில் காணிக்கு இதை நான் எந்த விலைக்கும் வாங்கியிருக்க முடியாது.

சட்டத்திலும் இது இலகு. சகோதரம் சகோதரத்துக்கு எழுதும் நன்கொடை, நெருங்கிய உரித்தாளர் என்ற வாசலால் வரக்கூடியது. ஆகவே இரட்டைக் குடியுரிமை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாமல் போகலாம். உங்கள் உறவு அந்த வரைவிலக்கணத்துக்குள் வருகிறதா என்பதை மட்டும் எழுதுகிற நொத்தாரிசிடம் உறுதி செய்யுங்கள். ஒன்றுவிட்ட சகோதரம், மருமகன் என்று தூரம் போகப் போக அது தளரும். முத்திரைத் தீர்வையும் குறைவு. நன்கொடை உறுதிக்கு முதல் 50,000க்கு 3 வீதம், மிச்சத்துக்கு 2 வீதம். கோடி ரூபாய்ப் பெறுமதிக்கு 200,500 ரூபாய், விலை உறுதியின் பாதி. ஒன்று கவனம்: சகோதரத்துக்குக் காசு கொடுத்து வாங்கிவிட்டு 'நன்கொடை' என்று எழுதினால் அது விலைதான். அன்பாகத் தருகிறவர்களிடம் நன்கொடை எழுதுங்கள். காசு கேட்கிறவர்களிடம் குடியுரிமை எடுத்த பிறகு விலை உறுதி எழுதுங்கள்.

இதன் பலவீனம் பங்குகள். அப்பா பெயரிலேயே காணி இருந்து அவரும் அம்மாவும் உறுதி எழுதாமல் போயிருந்தால் ஐந்து பிள்ளைக்கு ஐந்து பங்கு, கணக்கு எளிது. பெரும்பாலும் அப்படி இருக்காது. பேரன் (அப்பாவின் அப்பா) பெயரில் இருக்கும். பேரனுக்கு எட்டுப் பிள்ளைகள், அதில் ஒருவர் மலேசியாவில் இறந்தார், ஒருவருக்கு இரண்டு தாரம். நாற்பதில் ஒரு பங்குக்காரரை நோர்வேயில் தேடிப் பிடித்தால், 'என்ன காணி?' என்று கேட்பார். மறுமாதம் 'என்ன விலை போகுது?' என்று கேட்பார்.

தேசவழமை இங்கே உங்களுக்குத் துணை நிற்கும். 1706இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுதித் தொகுத்த வழமைக்குள் இருந்து வந்தது, பங்குக்காரர் முதலில் கேட்டு வாங்குகிற உரிமை. 1947இல் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. பிரிபடாத பங்கை வெளியாளுக்கு விற்பதென்றால் கூட்டுப் பங்காளிகளுக்கும் விற்பவரின் உரித்தாளிகளுக்கும் முதலில் அறிவிக்கவேண்டும். அறிவிக்காமல் விற்றால் வழக்குப் போட்டு அந்தப் பங்கைத் தாங்களே எடுக்கலாம். வெளியாளாய் நின்று பிரிபடாத பங்கு வாங்குகிறவருக்கு இதே சட்டம் கண்ணி. 'ஐந்தில் இரண்டு பங்கு, மலிவாய் முடிக்கலாம்' என்று தரகர் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

ஒருவரும் இணங்காவிட்டால் 1977இன் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்கு. அதில் கிடைக்கும் தீர்ப்பு உலகத்துக்கே எதிராகச் செல்லுகிற உரித்து, அதற்கு மேல் சுத்தமான கடதாசி இல்லை. காலம்தான் பிரச்சினை. வழக்குப் போட்டவர் கையால் தீர்ப்பை வாங்குவாரா, பிள்ளைகள் வாங்குவார்களா என்பது நல்லூரானுக்குத்தான் வெளிச்சம்.

கொழும்பில் பிளாட்

வெள்ளவத்தை, தெகிவளை. ஆட்சிப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை என்பதுதான் இதன் முழு அழகும். காவலாளி, லிப்ட், கதவு பூட்டினால் பூட்டியபடி கிடக்கும். இரட்டைக் குடியுரிமை இல்லாமலும் முடியும். ஆனால் முழுக் காசும் உறுதிக்கு முன்னரே வங்கி வழியாக வெளிநாட்டில் இருந்து வந்திருக்கவேண்டும். அதற்கென்ற உள்முக முதலீட்டுக் கணக்கின் ஊடாக வந்தால் விற்ற பிறகு காசை வெளியே எடுப்பதும் நேராகும். உண்டியல் இங்கே முற்றாக உதவாது.

கட்டடத்துக்கு மாநகரசபையின் சி.ஓ.சி. (அனுமதித்தபடி கட்டியதற்கான சான்று) இருக்கிறதா, மாடிக் குடியிருப்புக்கான திட்டப்படம் பதியப்பட்டு உங்கள் அலகுக்குத் தனி உறுதி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். 'பிறகு வரும்' என்று சொல்லிக் குடியிருத்திய கட்டடங்கள் உண்டு. அப்படியானவற்றில் நீங்கள் வாங்குவது ஒரு திறப்பை மட்டுமே. மாதப் பராமரிப்புக் கட்டணமும் ஆளில்லாத வீட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆனால் அது ஊர் இல்லையே. யாழ்தேவியில் ஏறி இறங்கினால்தான் ஊர். கொழும்பில் பிளாட் வாங்கியவர்களில் பலர் அதை வாடகைக்கு விட்டுவிட்டு, நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்தில் விடுதியில் நிற்கிறார்கள்.

முதலீடு என்று பார்க்கிறவர்களுக்கு ஒரு ஞாபகம். 2022 தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபாய், மே மாதத்தில் 360. ரூபாயில் காணி விலை ஏறியதாகச் சொல்கிறவரிடம் டொலரில் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். விற்கும்போது 2018 ஏப்ரலில் இருந்து இலங்கையில் மூலதன ஆதாய வரி உண்டு, கனடாவிலும் உண்டு. வாடகைக்கு விடுகிற வெளிநாட்டுச் சொத்தும் மற்ற வெளிநாட்டு முதலீடும் சேர்ந்து வாங்கிய விலையில் 100,000 கனேடிய டொலரைத் தாண்டினால், ஒவ்வொரு வருடமும் கனடா வரிக்கான ரி 1135 படிவம் நிரப்பவேண்டும். சொந்தப் பாவனை வீட்டுக்கு அது தேவையில்லை.

வாடகை

சொல்ல அதிகம் இல்லை. வருடத்துக்கு மூன்று கிழமை போகிறவர் நல்ல வீடொன்றைப் பூட்டுத் திறப்போடு மாத வாடகைக்கு எடுத்தால், கோடி ரூபாயின் வங்கி வட்டியில் ஒரு துண்டுகூடப் போகாது. கிணறு வற்றினால் வீட்டுக்காரரின் தலையிடி. ஓய்வெடுத்து ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று திட்டம் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் வருடம் இப்படி இருந்து பாருங்கள் என்றுதான். சித்திரை வெயிலையும் கார்த்திகை நுளம்பையும், 'கனடாக்காரர்' என்பதற்காகக் கூடக் கேட்கிற ஓட்டோ கூலியையும் ஒரு சுற்றுப் பார்த்த பிறகும் இருக்க மனம் வந்தால் காணி எங்கேயும் ஓடாது. எங்களோடு வேலை செய்த ஒருவர் இப்படிப் போய் நாலாம் மாதம் திரும்பி வந்தார். பேரப்பிள்ளைகளின் ஞாபகம் என்றார். வீடு கட்டியிருந்தால் அந்த ஞாபகத்தோடு அங்கேயே கிடந்திருப்பார்.

ஆருக்கு எது

ஊரில் நம்பி எழுத்தில் கையெழுத்து வைக்கக்கூடிய ஒருவர், இரட்டைக் குடியுரிமை, வருடத்தில் சில மாதமாவது போய் இருக்கிற எண்ணம் மூன்றும் இருந்தால் சொந்தப் பெயரில் காணி வாங்குங்கள். மூன்றில் ஒன்று குறைந்தால் வேண்டாம். முதுசத்தில் ஒரு பங்காவது இருந்தால், புதுக் காணிக்கு ஒரு சதம் கொடுக்குமுன் அதைத் துப்புரவாக்குங்கள். முதுசம் இல்லை, காசைப் பத்திரமாக அங்கே வைக்கவேண்டும் என்றால் பிளாட். ஆசை மட்டும் என்றால் வாடகை. உறவினர் பெயரில் வாங்குவதை எந்த ஆளுக்கும் நான் சொல்லமாட்டேன்.

பிள்ளைகளையும் ஒரு தரம் கேளுங்கள். உங்களுக்குப் பிறகு அது அவர்களுக்குப் போக அந்தச் சட்டமே வழி விட்டிருக்கிறது. போய் எடுக்க அவர்கள் நினைப்பார்களா என்பதுதான் கேள்வி. என் மகளிடம் கேட்டேன். வீட்டை வைத்திருங்கோ அப்பா, ஆனால் பேப்பர் எல்லாத்தையும் ஸ்கான் பண்ணி ஒரு போல்டருக்குள் போடுங்கோ என்றாள். இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த ஆகப் பயனுள்ள சட்ட ஆலோசனை அதுதான்.

எங்கள் வீடு ஐந்து பங்கு. என்னுடையது ஒன்று. அக்கா இரண்டாவதை ஊரிலேயே எழுதித் தந்தா. லண்டன் தம்பி மூன்றாவதைத் தூதரகத்தால் அனுப்பினான். நான்காவதுக்குச் சின்னக்கா விலை கேட்டா, என் இரட்டைக் குடியுரிமை வந்த பிறகு கொடுத்தேன். ஐந்தாவது ஜேர்மனி அண்ணை. தருகிறேன் என்று தொலைபேசியில் சொல்லி வருடக்கணக்காகிறது, பேர்லினுக்குத் தூதரகத்துக்குப் போய்வர ஒரு நாள் வேண்டும், 'இந்தக் கோடைக்குப் போறன்' என்கிறார். இது நான்காவது கோடை. அதுவரை கூரையில் ஓடு மாற்றி, சோலைவரியை ஐந்து பேர் பெயரிலும் நானே கட்டிக்கொண்டு வருகிறேன். பற்றுச்சீட்டு எல்லாம் அந்தப் போல்டருக்குள் இருக்கிறது.